66 கிலோ ஆளுக்கு 200 கிராம் புரதமா?

கேள்வி: எனக்கு வயது 27, எடை 66 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். தினமும் 200 கிராம் புரதம் உள்ளே போனால்தான் தசை ஏறும் என்கிறார் மாஸ்டர். சோற்றையும் குறைக்கச் சொன்னார், பாதியாகக் குறைத்துவிட்டேன். 10 முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர், 5 கிராம் கிரியேட்டின் எடுக்கிறேன். ஆனாலும் எடை 66-ஐ விட்டு நகரவில்லை. போன வாரம் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க உதவும் கிரியாட்டினின் 1.3 என்று வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அம்மா பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். பாதி டப்பா பவுடர் வேறு மீதி இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கணக்கை அதிலிருந்தே தொடங்கலாம்.

காலையில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி: 12 கிராம் புரதம். பதினொரு மணி டீயும் இரண்டு உளுந்து வடையும் 6. மதியம் ஒரு கரண்டி சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் சேர்த்து 12. சாயங்கால டீ 2. ராத்திரி இரண்டு சப்பாத்தி, குருமா 10. ஆக 42. வெள்ளைக்கரு ஒன்றுக்கு மூன்றரை வீதம் பத்துக்கு 35. பவுடர் ஸ்கூப்புக்கு 24 வீதம் 48. மொத்தம் 125 கிராம். ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கலாம், பெரிதாகத் தவறாது.

உங்களுக்குத் தேவை எவ்வளவு? உடற்பயிற்சி செய்யாத, சாதாரணமாக வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் பரிந்துரைத்தது. எடை தூக்கித் தசை ஏற்றுபவருக்கு அது போதாது. இந்த விஷயத்தில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடத் தசையும் கூடுகிறது, அதற்கு மேல் பெரும்பாலானோருக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை. 66-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 105. நீங்கள் இப்போதே 20 கிராம் அதிகமாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

பிறகு அந்த 200 எங்கிருந்து வந்தது? உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு ஒரு கிராம் என்பது அமெரிக்க ஜிம்களில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. இருநூறு பவுண்டு, அதாவது 90 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் ஆளுக்கு அது 200 கிராம். உங்கள் உடம்புக்கு அந்தக் கணக்கே 145-தான் காட்டும். மாஸ்டரைக் குறை சொல்லவில்லை. அவர் யாரிடமோ கேட்டதை உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆனால் தேவைக்கு மேல் போகும் புரதத்தை உடம்பு தசையாகச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாகச் சிறுநீரில் அனுப்பிவிட்டு, மீதியைப் பெரும்பாலும் எரிபொருளாகத்தான் செலவழிக்கிறது. அரிசி செய்கிற வேலைக்குப் பவுடர் விலை கொடுக்கிறீர்கள்.

உங்கள் எடை நகராததற்குக் காரணமும் அந்த அரிசிதான் என்று நினைக்கிறேன். தசை கட்டப் புரதம் வேண்டும், சரி. கட்டும் வேலை நடக்கச் சக்தியும் மிச்சம் இருக்க வேண்டும். சோற்றைப் பாதியாக்கினீர்கள், மஞ்சள்கருவை எறிந்தீர்கள், வயிற்றைப் பவுடரால் நிரப்பினீர்கள். செலவாகும் கலோரியும் வரவாகும் கலோரியும் ஒன்றாகிவிட்டால் தராசு முள் அசையாது. சோறு குறைந்தால் ஸ்குவாட்டில் நான்காவது செட்டுக்கே கால் துவண்டுவிடும், அதையும் கவனித்திருப்பீர்கள். உடம்பைக் குறைக்க வந்தவருக்குச் சொன்ன அறிவுரையை உங்களுக்கும் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. பழைய அளவுச் சோற்றுக்குத் திரும்புங்கள். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழம் சாப்பிடுங்கள். மாதத்துக்கு ஒரு கிலோ ஏறினால் போதும், அதற்கு மேல் வேகமாக ஏறினால் அதில் கொழுப்பும் நிறைய இருக்கும்.

இப்போது முட்டை. ஒரு முழு முட்டையில் ஆறு கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது, அதில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் மஞ்சள்கருவில். அதாவது தினம் பத்து மஞ்சள்கருவை எறியும்போது 25 கிராம் புரதத்தையும் சேர்த்தே குப்பையில் போடுகிறீர்கள். வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாமும் அதில்தான் இருக்கின்றன. நாமக்கல்லை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா? மூன்று முழு முட்டை, மூன்று வெள்ளைக்கரு என்று மாற்றிக்கொள்ளுங்கள், 28 கிராம் வரும். கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்திருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு மஞ்சள்கருவைக் குறையுங்கள். பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெந்த முட்டையின் புரதத்தை உடம்பு பச்சை முட்டையைவிட நன்றாக எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது மீல்மேக்கர். காய்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் பாதிக்கு மேல் புரதம். 30 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி போட்டால் 15 கிராம் கிடைக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு தடவை நன்றாகப் பிழிந்துவிட்டு, மிளகு சீரகம் போட்டு வறுத்தால் அந்தப் பச்சை வாடை இருக்காது. ராத்திரி சப்பாத்திக்கு இதுவே தொட்டுக்கொள்ளப் போதும். பதினொரு மணி வடைக்குப் பதில் 50 கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்துச் சுண்டலாக எடுத்துப் போனால் 10 கிராம். படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் பால், கால் லிட்டர், 8 கிராம். மதியம் மோரோடு ஒரு கிண்ணம் தயிர், 3 கிராம். சோறு பழைய அளவுக்குத் திரும்புவதால் 5 கிராம் கூடும். கூட்டிப் பாருங்கள், பவுடரே இல்லாமல் 105-இல் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கறியோ மீனோ எடுத்தால் அன்றைக்கு மீல்மேக்கருக்கு விடுமுறை.

ஒரே வேளையில் குவிக்காமல் வேளைக்கு 20, 25 கிராம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. உங்கள் பட்டியலில் காலை வேளைதான் நோஞ்சான். இட்லியோடு மூன்று முட்டை அங்கே போகட்டும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று ஷேக்கரோடு ஓட வேண்டாம். நாள் முழுவதும் சேரும் அளவுதான் முக்கியம்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். காளானிலும் கேழ்வரகிலும் புரதம் கொட்டிக்கிடக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். காளானில் 100 கிராமுக்கு 3 கிராம்தான். கேழ்வரகில் 7, அரிசிக்கும் அதே அளவுதான். கேழ்வரகைக் கால்சியத்துக்காகச் சாப்பிடுங்கள். சாம்பாரும் அப்படித்தான்: துவரம்பருப்பில் 22 கிராம் இருப்பது உண்மை, ஆனால் கரண்டியில் வருவது பெரும்பாலும் தண்ணீர். கெட்டிப் பருப்பாகக் கடைந்து போட்டுக்கொண்டால் அது வேறு விஷயம்.

கிரியாட்டினினுக்கு வருகிறேன், அம்மாவின் பயம் அதில்தான் இருக்கிறது. தசையில் இருக்கும் கிரியேட்டின் சிதைந்து வருவதுதான் கிரியாட்டினின். கிரியேட்டின் பவுடர் சாப்பிடுபவருக்கும், தசை அதிகம் உள்ளவருக்கும், முந்தின நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவருக்கும், ராத்திரி கறி சாப்பிட்டவருக்கும் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆகவே 1.3 என்பதை மட்டும் வைத்துக் கிட்னி போய்விட்டது என்று சொல்ல முடியாது. நன்றாக இருக்கும் சிறுநீரகத்தை நீங்கள் சாப்பிடும் அளவுப் புரதமோ கிரியேட்டினோ கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் கதை வேறு, அப்போது புரதத்தைக் குறைக்கத்தான் வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், உங்கள் சிறுநீரகம் எந்த வகை என்பதை ஊகத்துக்கு விடக்கூடாது. கிரியேட்டினை இப்போதைக்கு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பயிற்சியும் கறியும் இல்லாமல் இருந்துவிட்டு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று சோதனை செய்யுங்கள். பயிற்சி செய்த மறுநாளே கொடுத்தால் அதுவும் பொய்யாகக் கூடுதல் காட்டும். கூடவே, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தச் சோதனை, அது தசை அளவைப் பொறுத்து அவ்வளவாக மாறாது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். எல்லா முடிவுகளோடும் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு, கிரியேட்டின் வேண்டுமானால் தினம் 3 கிராம் போதும்.

மீதி பாதி டப்பாவை எறிய வேண்டாம். மருத்துவர் பச்சைக்கொடி காட்டும்வரை மூடி வையுங்கள். அதற்குள் லேபிளை ஒருமுறை படித்துப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் 14 இலக்க எண் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாகப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆய்வகத்தில் வழக்கமாகப் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். மலிவான அந்த அமினோ அமிலங்களைக் கலந்தால் நைட்ரஜன் கூடும், கணக்கில் புரதமும் கூடும், தசைக்குத்தான் ஒன்றும் கூடாது. லேபிள் சரியாக இருந்தால், ஷிப்மென்ட் நெருக்கடியில் சாப்பாடு தவறும் நாட்களுக்கு ஒரு ஸ்கூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பா தீர்ந்ததும் அடுத்தது வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.