டேட்டா ஓடுது, கால் மட்டும் போகல: நாடு மாறினா போன் ஏன் மக்கர் பண்ணுது?

கேள்வி: சார், ஜெர்மனில இருந்தப்ப வாங்குன 5ஜி போன், சல்லிசான போனும் இல்ல. இப்ப வேலை மாறி அமெரிக்கா வந்துட்டேன். இங்க ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கிப் போட்டேன், வெளில டேட்டா பிரமாதமா ஓடுது, வீட்டுக்குள்ள வந்தா ஒத்தக் கோடு தான் நிக்குது. கால் பண்ணா உடனே கட் ஆகுது, ஆனா எஸ்எம்எஸ் மட்டும் ஒழுங்கா வருது. கடைல கேட்டா "இந்த போன் சப்போர்ட் ஆகாது"ன்னு ஒரே வரில அனுப்பிட்டாங்க. 4ஜி, 5ஜி எல்லாம் உலகம் பூரா ஒண்ணு தானே, அப்புறம் ஏன் நாட்டுக்கு நாடு இப்படி? செட்டிங்ஸ்ல சரி பண்ண முடியுமா, இல்ல வேற போன் தான் வாங்கணுமா?

பதில்: உங்களுக்கு இருக்கறது ஒரு பிரச்சனை இல்லங்க, ரெண்டு. வீட்டுக்குள்ள சிக்னல் படுத்துக்கறது வேற, கால் கட் ஆகறது வேற. ரெண்டுக்கும் காரணம் தனித்தனி, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதால தான் கடைக்காரரும் ஒரே வரில முடிச்சிட்டார். ஒண்ணொண்ணாப் பாப்போம்.

முதல்ல வீட்டுக்குள்ள சிக்னல். ரேடியோ அலைல ஒரு அடிப்படை விஷயம், அதிர்வெண் குறைய குறைய அலை தூரமாப் போகும், சுவரையும் நல்லாத் தாண்டும். கூடக் கூட டேட்டா நெறைய அள்ளிட்டு வரும், ஆனா சீக்கிரம் களைச்சுப் போயிரும், ஒரு கான்கிரீட் சுவரு குறுக்க வந்தாலே திணறும். அதனால எல்லா நாட்லயும் ஆபரேட்டர்கள் கீழ் அலைவரிசை கொஞ்சம், நடு அலைவரிசை கொஞ்சம்னு கலந்து தான் நெட்வொர்க் கட்டுவாங்க. வீட்டுக்குள்ள, லிஃப்ட் பக்கத்துல, ஊருக்கு வெளியில உங்களத் தாங்கிப் பிடிக்கறது அந்தக் கீழ் அலைவரிசை தான். ஜெர்மனில அந்த வேலைய 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் செய்யுது, பேண்டு நம்பர்ல சொன்னா (ஒவ்வொரு அலைவரிசைத் துண்டும் ஒரு பேண்டு, அதுக்கு ஒரு நம்பர்) 28, 20, 8. அமெரிக்கால அதே வேலைக்கு 600, 700, 850 மெகாஹெர்ட்ஸ் இருக்கு, பேண்டு 71, 12, 13, 14, 5. நம்பர்களப் பாருங்க, ஒண்ணு கூட ஒத்துப் போகல. ஐரோப்பாவுக்குன்னு பண்ணுன நெறைய போன்ல 71, 13 இதெல்லாம் இருக்கறதே இல்ல, அதனால வெளில நடு பேண்டப் பிடிச்சுக்கிட்டு ஜோரா ஓடும், உள்ள வந்தா பிடிக்க ஒண்ணும் இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா ரெண்டு பக்கமும் "700 மெகாஹெர்ட்ஸ்"னு ஒரே பேரு தான், ஆனா உள்ள பிரிச்சிருக்கற விதம் வேற. அமெரிக்காவோட பேண்டு 12ல 729ல இருந்து 746 வரைக்கும் டவர் பேசற இடம். பேண்டு 28ல 703ல இருந்து 748 வரைக்கும் போன் பேசற இடம். அதாவது அமெரிக்கால டவர் பேசற அதே அலைல ஜெர்மனில போன் பேசும்! அப்புறம் எப்படிங்க ஒண்ணோட ஒண்ணு சேரும். போனுக்குள்ள ஒவ்வொரு பேண்டுக்கும் ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர்னு தனி பாகங்கள் வேணும், அது போர்டுல இல்லன்னா எந்த அப்டேட் போட்டாலும் வராது.

ஏன் எல்லாரும் கூடிப் பேசி ஒரே பேண்ட வச்சுக்கல? அலைவரிசைங்கறது பட்டா போட்ட நிலம் மாதிரி, செல்போன் வர்றதுக்கு முன்னாடியே டிவி, ராணுவம், விமானம், சாட்டிலைட்னு ஆளாளுக்கு உக்காந்துட்டாங்க, ஒவ்வொரு நாட்லயும் வேற வேற இடத்துல. யார் எப்ப காலி பண்ணுனாங்களோ அப்ப அந்த எடம் செல்போனுக்கு வந்துச்சு. அமெரிக்கால முதல் செல்போன் சேவை 1983ல சிகாகோல ஆரம்பிச்சப்ப 850 பக்கத்துல எடம் கெடச்சுது, ஐரோப்பா 900ஐ ஒதுக்குச்சு, அப்ப விழுந்த கோடு இன்னைக்கும் அழியல. டிவி சேனலோட அகலம் கூட அமெரிக்கால 6 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பால 8, ஆஸ்திரேலியால 7, அதனால டிவிகிட்ட இருந்து மீட்ட எடத்த வெட்டிப் பிரிக்கறப்பயும் அளவு ஒத்துப் போகல. ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு உலகத்த மூணு மண்டலமாப் பிரிச்சு வச்சிருக்கு, ஐரோப்பா ஆப்பிரிக்கா ஒண்ணு, அமெரிக்கக் கண்டங்கள் ரெண்டு, ஆசியா பசிபிக் மூணு. அவங்க பொது வரைபடம் போடுவாங்க, ஆனா கடைசியா யாருக்கு எது, எப்ப, எவ்வளவு ஏலத்துக்குங்கறது அந்தந்த அரசாங்கம் முடிவு பண்றது தான்.

5ஜிலயும் இதே கதை தான். நெறைய நாடுகள் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனப்ப அமெரிக்கால சாட்டிலைட்காரங்கள நகத்தி 3.7ல இருந்து 3.98 வரைக்கும் ஏலம் விட்டாங்க, 80 பில்லியன் டாலருக்கு மேல போச்சு. அப்புறம் பாத்தா விமானம் தரைல இருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளக்கற ரேடியோ 4.2 கிகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யுது, பக்கத்துலயே வந்துட்டாங்கன்னு விமானத்துறை கத்த, 2022 ஜனவரில ஏர்போர்ட் பக்கத்து டவர்கள ஆன் பண்றதத் தள்ளிப் போட வேண்டியதாப் போச்சு. ஐரோப்பால பெரும்பாலும் 3.8லயே நிறுத்திக்கிட்டதால அந்த இடைவெளி கொஞ்சம் அதிகம், அந்தச் சத்தமும் அவ்வளவு இல்ல.

இப்ப முக்கியமான ரெண்டாவது விஷயம், கால்.

4ஜிய வடிவமைச்சப்ப அத டேட்டாவுக்குன்னு மட்டும் தான் பண்ணுனாங்க, பழைய மாதிரி குரலுக்குன்னு தனி வழி அதுல கெடையாது. ஆரம்ப காலத்துல 4ஜி போன்ல கால் வந்தா போன் நைசா 3ஜிக்கோ 2ஜிக்கோ எறங்கிப் பேசிட்டு மறுபடி மேல ஏறிக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. அப்புறமாத் தான் 4ஜி மேலயே குரல அனுப்பற வோல்ட்இ வந்துச்சு. ஜெர்மனில 2021லயே 3ஜிய மூடிட்டாங்க, ஆனா 2ஜி உயிரோட இருக்கு, அதனால உங்க போன்ல வோல்ட்இ வேலை செஞ்சுதோ இல்லையோ, கீழ பிடிச்சுக்க ஒரு கிளை இருந்துச்சு. அமெரிக்கால மூணு பெரிய ஆபரேட்டரும் 2022க்குள்ள 3ஜிய மூடிட்டாங்க, 2ஜியும் கிட்டத்தட்ட போயே போச்சு. இங்க வோல்ட்இ ஓடலன்னா காலே கெடையாது. உங்களுக்கு எஸ்எம்எஸ் மட்டும் வருதே, அது ஏன்னா எஸ்எம்எஸ்ஸ 4ஜி சிக்னலிங் வழியாவே அனுப்ப வேற ஒரு ஏற்பாடு இருக்கு, அதுக்கு வோல்ட்இ தேவையில்ல.

"என் போன்ல வோல்ட்இ இருக்கே"ம்பீங்க. இருக்கும். ஆனா அது ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் தனி செட்டிங். போன் கம்பெனி அந்தந்த ஆபரேட்டரோட டெஸ்ட் பண்ணி, அதுக்கான ஃபைலை சாஃப்ட்வேர்ல வச்சு அனுப்பணும், ஆபரேட்டரும் அவங்க லிஸ்ட்ல அந்த மாடலச் சேக்கணும். அமெரிக்கால விக்காத மாடலுக்கு அந்த உழைப்ப எந்தக் கம்பெனி போடும்? அதனால ஹார்ட்வேர் எல்லாம் கச்சிதமா இருந்தும் கால் போகாது. எனக்கு இது தான் மொத்தத்துலயே எரிச்சலான விஷயம், பேண்டு இல்லன்னா இயற்கை விதின்னு விட்டுடலாம், இது வெறும் பேப்பர் வேலை.

3ஜிய ஏன் ஒரு நாடு மூடுது, 2ஜிய ஏன் இன்னொரு நாடு விடாமப் பிடிச்சிருக்குன்னு கேட்டா அதுக்கும் அவங்கவங்க காரணம் இருக்கு. ஐரோப்பால 2018 மார்ச்சுக்கு அப்புறம் வர்ற புது மாடல் கார் எல்லாத்துலயும் விபத்து நடந்தா தானாவே 112க்கு கூப்புடற இகால் வசதி கட்டாயம், இத்தனை வருஷமா வந்த கார்கள்ல அது பெரும்பாலும் பழைய நெட்வொர்க்க நம்பி இருக்கு, அத மூடுனா காரெல்லாம் ஊமையாயிரும். ஆஸ்திரேலியால நேர் எதிர், 2024 அக்டோபர் கடைசில 3ஜிய மூடுனப்ப அவசர எண் 000க்கு வோல்ட்இ வழியா கூப்புட முடியாத போன எல்லாம் நெட்வொர்க்ல இருந்தே தடுக்கணும்னு விதி போட்டுட்டாங்க. சாதாரண கால் நல்லாப் போகும், அவசரக் கால் மட்டும் 3ஜியத் தேடும், அப்படிப்பட்ட போன்களும் மாட்டிக்கிச்சு. கடுமை தான், ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கு. உங்களுக்கும் அத நான் அழுத்திச் சொல்றேன், இப்ப இருக்கற நிலைமைல அந்த போன்ல 911 போகும்னு நம்பி இருக்காதீங்க. வாட்ஸ்அப்ல பேசிக்கலாம்னு விட்டுடற விஷயம் இல்ல இது.

பழைய வரலாறும் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா "ஏன் நாட்டுக்கு நாடு"ங்கறதுக்கு முழு பதில் ஆகாது. 1987ல ஐரோப்பால 13 நாட்டு ஆபரேட்டர்கள் கோபன்ஹேகன்ல கூடி 2ஜிக்கு ஜிஎஸ்எம்ங்கற ஒரே தொழில்நுட்பம் தான்னு கையெழுத்துப் போட்டாங்க, 1991 ஜூலைல பின்லாந்துல முதல் கால் போச்சு. அமெரிக்க அரசு "எந்தத் தொழில்நுட்பம்னு நாங்க சொல்ல மாட்டோம், சந்தையே பாத்துக்கட்டும்"னு விட்டுச்சு, அதனால அங்க சிடிஎம்ஏ, டிடிஎம்ஏ, ஜிஎஸ்எம்னு எல்லாமே ஒரே நேரத்துல ஓடுச்சு, சிடிஎம்ஏ போன்ல பல காலம் சிம்மே கெடையாது. கொரியா 1996ல சிடிஎம்ஏல எறங்குச்சு. ஜப்பான் தனக்குன்னே பிடிசின்னு ஒண்ணு வச்சிருந்துச்சு, ஜிஎஸ்எம் அங்க வரவே இல்ல, ஆனா 1999லயே ஐமோடுன்னு போன்ல இன்டர்நெட் கொடுத்தாங்க. சைனா 2009ல 3ஜிக்கு சொந்தமா டிடி-எஸ்சிடிஎம்ஏன்னு ஒண்ணக் கொண்டு வந்துச்சு. 4ஜி வந்தப்ப தான் எல்லாரும் எல்டிஇங்கற ஒரே தொழில்நுட்பத்துக்கு வந்து சேந்தாங்க. "உலகம் பூரா ஒண்ணு தானே"ன்னு நீங்க நெனைக்கறது அந்த அளவுல சரி தான், தொழில்நுட்பம் ஒண்ணாயிருச்சு, பேண்டும் பேப்பர் வேலையும் ஒண்ணாகல.

சேவை வித்தியாசமும் இதே மாதிரி பழைய முடிவுகளோட மிச்சம். அமெரிக்கால செல் நம்பரும் லேண்ட்லைன் நம்பரும் ஒரே மாதிரி தான் இருக்கும், கூப்புடறவங்களுக்கு இது செல்லுன்னே தெரியாது, அதனால அவங்ககிட்ட கூடுதலா வாங்க முடியாம, கால் எடுக்கறவங்க கணக்குல நிமிஷத்தக் கழிச்சாங்க. ஐரோப்பால செல்லுக்குத் தனி நம்பர் வரிசை, கூப்புடறவங்களே காசு கொடுத்தாங்க, அதனால பைசா போடாம இன்கமிங் மட்டும் வாங்கற ப்ரீபெய்டு அங்க செழிச்சுது. கென்யால பேங்க் கிளை குறைவு, ஆனா சாதா போன் நெறைய பேர் கைல, 2007ல எம்-பெசா வந்து பணம் அனுப்பறதே போன் வேலையாயிருச்சு.

ஒரே பேர்ல வர்ற போன் கூட ஒண்ணு இல்ல. ஐபோன் 14ல இருந்து அமெரிக்க மாடல்ல சிம் போடற ஓட்டையே கெடையாது, போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கற இசிம் மட்டும் தான், சைனா மாடல் பெரும்பாலானதுல ரெண்டு நிஜ சிம் போடலாம். ஜப்பான்ல விக்கற பெரும்பாலான போன்ல கேமரா சத்தத்த நிறுத்த முடியாது. அதனால மாடல் பேர விடுங்க, மாடல் நம்பரப் பாருங்க, செட்டிங்ஸ்ல அபவுட் பகுதில இருக்கும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. அந்த மாடல் நம்பரக் கம்பெனி சைட்ல போட்டு பேண்டு லிஸ்ட எடுங்க. அமெரிக்கால டி-மொபைல் நெட்வொர்க்னா 71, 12, வெரைசன்னா 13, ஏடி அண்ட் டின்னா 12, 14, இதுல உங்க போன்ல எது இருக்கோ அந்த நெட்வொர்க்குக்கு மாறுனாலே வீட்டுக்குள்ள நிலைமை மாறலாம். அடுத்து போன அப்டேட் பண்ணி, வோல்ட்இ பட்டன் ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு ஒரு கால் போடுங்க, டயல் பண்ணுனதும் மேல 4ஜி அடையாளம் மறைஞ்சா வோல்ட்இ ஓடலன்னு அர்த்தம். *#06# போட்டா போனோட அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பர் வரும், அத ஆபரேட்டர் சைட்ல அடிச்சா அவங்க லிஸ்ட்ல இருக்கான்னு தெரியும், சில பேர் இசிம்ல இலவச ட்ரையலும் தராங்க, காசு போடாம சோதிச்சுப் பாத்துடலாம். ஒய்ஃபை காலிங் தப்பிக்க வழின்னு சொல்வாங்க, ஆனா அதுக்கும் அதே ஆபரேட்டர் செட்டிங் தான் வேணும், வந்தா அதிர்ஷ்டம்.

மூணு நெட்வொர்க்லயும் கால் போகலன்னா போன மாத்தறது தான் வழி, செட்டிங்ஸ நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. அங்கயே விக்கற, லாக் இல்லாத மாடலா வாங்குங்க. ஆபரேட்டர் கொடுக்கற மலிவு போன்ல வேற ஆபரேட்டர் சிம் ஓடாதபடி லாக் இருக்கும், கனடால 2017லயும் ஜப்பான்ல 2021லயும் லாக் போடறதையே தடை பண்ணிட்டாங்க, அமெரிக்கால அப்படி இல்ல. திரும்ப ஐரோப்பா போற எண்ணம் இருந்தா பேண்டு 20, 28, 8, 3, 7, 5ஜிக்கு பேண்டு என்78 இதெல்லாம் இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துருங்க. துருக்கி, பாகிஸ்தான், இந்தோனேசியா மாதிரி நாடுகளுக்கு மாறுறதா இருந்தா இன்னொரு தலைவலி, வெளிய இருந்து கொண்டு வந்த போனோட ஐஎம்இஐய வரி கட்டி பதிவு பண்ணலன்னா கொஞ்ச நாள்ல நெட்வொர்க்கே கட் ஆயிரும்.

பழைய போனத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஜெர்மன் சிம்ம அதுல போட்டு ரோமிங் ஆன் பண்ணி வச்சா பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ் பெரும்பாலும் வந்துரும், ஆனா டேட்டா ரோமிங்க மறக்காம ஆஃப் பண்ணி வைங்க, ப்ரீபெய்டு சிம்னா நடுநடுல டாப்அப் பண்ணலன்னா நம்பரையே எடுத்துருவாங்க.