நன்யுகியில் ஐந்து ஏக்கர்: சீஃப் கடிதத்தை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நைரோபியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தியக் குடியுரிமைதான். லைகிபியா கவுண்டியில், நன்யுகிக்குப் பக்கத்தில் 5 ஏக்கர் விவசாய நிலம் விலைக்கு வருகிறது, சேர்ந்து வாங்கலாம் என்கிறார் உடன் வேலை செய்யும் கென்ய நண்பர். அவர் பெயரில் பதிந்துவிட்டு எங்களுக்குள் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்பது தரகரின் யோசனை. ஊர் சீஃப் உறுதிக் கடிதம் தருவாராம். இன்னொரு நண்பரோ, "அங்கே எல்லாம் இனச் சண்டை, தேர்தல் வந்தால் நிலம் போய்விடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், அது சுருக்கமாக முடிந்துவிடும்.

கென்யாவின் 2010 அரசியலமைப்பு, 65-வது பிரிவு: குடிமகன் அல்லாதவர் நிலத்தைக் குத்தகையாக மட்டுமே வைத்திருக்கலாம், அதுவும் அதிகபட்சம் 99 ஆண்டுக்கு. கம்பெனி தொடங்கி வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கம்பெனியின் பங்குகள் முழுக்கக் குடிமக்கள் கையில் இருந்தால்தான் அது கென்யக் கம்பெனியாகக் கருதப்படும். அறக்கட்டளைக்கும் அதே கணக்கு. விவசாய நிலம் என்றால் இன்னும் ஒரு பூட்டு உண்டு. 1967-ல் வந்த நிலக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உள்ளூர் நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்மதம் வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்த வாரியம் சம்மதம் தரக்கூடாது. விலக்குத் தரும் அதிகாரம் ஜனாதிபதிக்குத்தான். சம்மதம் இல்லாத கிரையம் செல்லாது.

ஆக, தரகர் சொல்வது பச்சையாகப் பினாமி ஏற்பாடு. நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நாளை அவருக்கு ஏதாவது ஆனால் நிலம் அவர் மனைவி மக்களுக்குப் போகும். உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தைக் காட்டி எந்த நீதிமன்றத்தில் நிலத்தைக் கேட்பீர்கள்? அப்படிக் கேட்கும்போதே, சட்டத்தைச் சுற்றிப்போனேன் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

இந்தியர் என்பதால் இந்தத் தடை என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒரு தடை முன்பு இருந்தது. கென்யாவின் மேட்டு நிலங்கள் வெள்ளையருக்கு மட்டும் என்பதை 1923-ல் பிரிட்டிஷ் அரசு உறுதி செய்தபோது இந்தியருக்கும் சேர்த்துத்தான் கதவு அடைக்கப்பட்டது. இன்றைய விதி அங்கே பண்ணை வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரருக்கும் பொருந்தும். காலனி காலத்தில் கொடுக்கப்பட்ட 999 ஆண்டுக் குத்தகைகள்கூட, வெளிநாட்டவர் கையில் இருந்தால், 2010 ஆகஸ்ட் 27 முதல் 99 ஆண்டாகக் குறைந்துவிட்டன.

இனி சீஃப் விஷயம். பெயரைக் கேட்டதும் பரம்பரைத் தலைவர் என்று நினைத்திருப்பீர்கள். அவர் நாட்டாமை அல்ல, உள்துறை அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும் அரசு ஊழியர். பிரிட்டிஷார் வருவதற்கு முன், கென்யாவின் பெரிய இனமான கிகுயு மக்களிடம் ஒற்றைத் தலைவர் என்று ஒருவர் கிடையாது. மூத்தோர் அவையும் வயதுக் குழுக்களும்தான் முடிவெடுத்தன. குடிசை வரி வசூலிக்கவும், பண்ணைகளுக்குக் கூலியாள் பிடிக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டதால் 1902 முதல் காலனி அரசே தலைவர்களை நியமித்தது. 1937-ல் வந்த சீஃப் அதிகாரச் சட்டம் அவர்களுக்கு ஊர்க் கூட்டம் நடத்துவதிலிருந்து ஆளைப் பிடிப்பது வரை கைநிறைய அதிகாரம் தந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தச் சட்டம் அப்படியேதான் இருந்தது. 1997-ல்தான் பல்லைக் கொஞ்சம் பிடுங்கினார்கள்.

உங்களைக் குழப்பக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. கவுண்டிக்கு ஒரு கவர்னர் உண்டு, அவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே ஊரில் கவுண்டி கமிஷனர் என்று இன்னொருவரும் உண்டு. அவரை நியமிப்பது நைரோபியில் இருக்கும் மத்திய அரசு. கமிஷனர், துணைக் கமிஷனர், உதவிக் கமிஷனர், சீஃப், உதவி சீஃப் என்று இறங்கும் அந்த ஏணி பழைய காலனி மாவட்ட நிர்வாகத்தின் நேர் வாரிசு. 2010 அரசியலமைப்பு அதை மாற்றியமைக்கச் சொன்னது, 2013-ல் ஒரு சட்டம் போட்டுப் பதவிப் பெயர்களை மாற்றினார்கள். நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை நாற்காலியில் உட்காருவதும் இந்த ஏணியில் வரும் அதிகாரிதான். கவர்னரைத் தெரியும் என்று யாராவது பெருமையடித்தால் அது இந்த வேலைக்கு உதவாது.

சீஃப் கடிதத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருவர் இறந்தபின் வாரிசுகள் யார் என்று நீதிமன்றம் அறிய சீஃப் கடிதத்தைக் கேட்கும். குடும்பத்தில் தகராறு இருக்கிறதா என்றும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நிலம் யாருடையது என்பதற்கு அந்தக் கடிதம் ஆதாரமே அல்ல. அதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். பதிவேட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதுதான் கென்யாவின் சிக்கல். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1954-ல், பிரிட்டிஷாருக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சிக்கு நடுவே, ஸ்வின்னர்ட்டன் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றாக்கி, தனியாருக்குப் பட்டா கொடுப்பது நோக்கம். நிலமுள்ள வகுப்பு ஒன்றும் நிலமற்ற வகுப்பு ஒன்றும் உருவாகும், அது நாடு வளர்வதில் இயல்பான படி என்று அந்த ஆவணமே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கிளர்ச்சிக்காரர் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் தடுப்பு முகாம்களில் இருந்தார்கள். ஊரில் இருந்து நிலத்தை அளந்து வாங்கிக்கொண்டவர்களில் சீஃப்களும் காலனி அரசின் விசுவாசிகளும் முன்னால் நின்றார்கள். மிஷன் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்க வசதி இருந்ததும் அவர்களுக்குத்தான். 1963 டிசம்பர் 12 அன்று கொடி மாறியபோது அலுவலகங்களில் உட்காரத் தயாராக இருந்தவர்களில் அந்தப் பிள்ளைகள் கணிசம்.

வெள்ளையர் பண்ணைகள் என்ன ஆயின? பறிக்கப்படவில்லை, விலைக்கு வாங்கப்பட்டன. பிரிட்டனும் உலக வங்கியும் கொடுத்த கடனில் ஒரு பகுதியைச் சிறு விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அவர்கள் அதற்குத் தவணை கட்டினார்கள். பெரிய பண்ணைகள் பல, துண்டாகாமல் அமைச்சர்கள், உயர் அதிகாரிகள் கைக்குப் போயின. நிலமற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்ட பில்டாட் காகியா, நாட்டின் முதல் ஜனாதிபதியான ஜோமோ கென்யாட்டாவோடு காலனி காலத்தில் சிறையில் இருந்தவர். 1965-ல் ஒரு பொதுக்கூட்டத்தில் அவரை மேடையில் வைத்துக்கொண்டே ஜனாதிபதி கென்யாட்டா கேட்டது இன்றும் அங்கே பேசப்படுகிறது: நாம் எல்லாரும் ஒன்றாகச் சிறையில் இருந்தோம், குங்கு கரும்பாவுக்கு பஸ்கள் ஓடுகின்றன, நீ உனக்கென்று என்ன செய்துகொண்டாய் என்று. நாட்டின் முதல் குடிமகன், பதவியையும் சொத்தையும் ஒரே மூச்சில் இணைத்துச் சொன்ன இடம் அது. கென்யாவில் மேல்தட்டு எப்படி உருவானது என்று என்னைக் கேட்டால், புள்ளிவிவரத்துக்கு முன் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். தொழில் செய்து பணம் சேர்த்து அரசைப் பிடித்தவர்களைவிட, அரசுக்குள் நுழைந்து அதன் வழியாக நிலமும் உரிமமும் வங்கிக் கடனும் பெற்றவர்கள் அதிகம்.

அந்தப் பழக்கம் நிற்கவில்லை. அரசு நிலங்களைச் சட்டவிரோதமாகக் கொடுத்ததை விசாரித்த ந்துங்கு ஆணையம் 2004-ல் அறிக்கை தந்தது. 1962-க்கும் 2002-க்கும் இடையில் சுமார் 2 லட்சம் முறைகேடான பட்டாக்கள் உருவாக்கப்பட்டதாக அது சொன்னது. முத்திரை, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் சரியாகவே இருக்கும். முதலில் கொடுத்ததுதான் தப்பு.

இதனால்தான் மூலப்பத்திரம் வரை போகச் சொல்கிறேன். 2023 ஏப்ரலில் கென்ய உச்ச நீதிமன்றம் ஒரு மொம்பாசா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கடற்கரையோர மனை அது. 1989-ல் அன்றைய ஜனாதிபதி டேனியல் அராப் மோய்க்கு ஒதுக்கப்பட்டு, கைமாறி, டைனா மேனேஜ்மென்ட் என்ற நிறுவனத்திடம் வந்திருந்தது. கடற்கரைக்குப் போகும் பொதுவழி என்று சொல்லி கவுண்டி அரசு சுவரை இடித்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், பட்டா இருக்கிறது என்றது நிறுவனம். முதல் ஒதுக்கீடே விதிப்படி நடக்காததால் பட்டாவைக் காட்டினால் போதாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், ஒதுக்கீட்டுக் கடிதம் பட்டா ஆகாது என்றும் சொன்னது.

சரி, இனச் சண்டை? அந்த நண்பர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் 1,100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள், ரிஃப்ட் வேலிப் பகுதியில் நிலம்தான் பெரும்பாலும் பேச்சாக இருந்தது. ஆனால் அதற்கடுத்த தேர்தலைப் பாருங்கள். அந்த வன்முறை தொடர்பாக எதிரெதிர்த் தரப்பின் பெயரில் ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் உகுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும். 2013-ல் இருவரும் ஒரே அணியில் நின்று ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியுமாக ஆனார்கள். வழக்குகள் பின்னர் தீர்ப்பு வரை போகாமலே கைவிடப்பட்டன. மேலே இருப்பவர்களுக்கு இனம் ஒரு பேரம், கீழே குடிசை எரிந்தவருக்குத்தான் அது உயிர்ப் பிரச்சினை. 2024 ஜூனில் நிதி மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கிய இளைஞர்கள் எங்களுக்கு இனமில்லை என்று கோஷம் போட்டதை, நைரோபியில் இருக்கும் நீங்களே பார்த்திருக்கலாம்.

லைகிபியாவுக்குத் தனிக் கதை உண்டு. 1904-ல் பிரிட்டிஷார், மாடு மேய்க்கும் இனமான மாசாய் மக்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டு அவர்களில் ஒரு பகுதியினரை அங்கே அனுப்பினார்கள். 1911-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு அங்கிருந்தும் தெற்கே கிளப்பினார்கள். மாசாய்கள் வழக்குப் போட்டார்கள். இது இரு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, நாங்கள் தலையிட முடியாது என்று 1913-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆளப்படும் மக்களை, வழக்குக்கு மட்டும், அந்நிய அரசாக்கிவிட்டார்கள்! நூறாண்டு கழித்து, 2004-ல், 1904 ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது என்று சொல்லி மாசாய் மேய்ப்பர்கள் பண்ணைகளுக்குள் மாடுகளை ஓட்டினார்கள். 2017-ல் வறட்சியும் தேர்தலும் சேர்ந்து வந்தபோது மேய்ப்பர்கள் ஆயுதங்களோடு பண்ணைகளில் புகுந்தார்கள். அவையெல்லாம் பெரும் பண்ணைகள். உங்கள் 5 ஏக்கர், 1970-களில் நிலம் வாங்கும் கம்பெனிகள் பண்ணையை வாங்கிப் பங்குதாரர்களுக்குப் பிரித்ததில் வந்த துண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே வரும் வில்லங்கம் வேறு: ஒரே துண்டுக்கு இரண்டு பங்குச் சான்றிதழ், இறந்துபோன பங்குதாரர், பதிவாகாத உட்பிரிவு.

நண்பர் தன் பணத்தில், தன் பெயரில் வாங்குவதாக இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். பட்டா எண்ணைக் கொடுத்துப் பதிவகத்தில் அதிகாரபூர்வத் தேடல் கேட்கட்டும். கிரீன் கார்டு என்று அங்கே சொல்லும் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்து வாங்கட்டும், முதல் உரிமையாளர் முதல் வரிசையாக அதில் தெரியும். பண்ணையின் தாய்ப் பட்டா, உட்பிரிவு வரைபடம், சர்வேயர் கல், விற்பவரின் மனைவியோ கணவரோ தரும் சம்மதம், இவை இல்லாமல் முன்பணம் கூடாது. ஒப்பந்தம் போட்ட 6 மாதத்துக்குள் வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நீங்கள் உதவ ஆசைப்பட்டால் கடனாகக் கொடுங்கள், கடன் என்றே எழுதுங்கள், வட்டியும் தவணையும் வழக்கறிஞர் முன்னால் முடிவாகட்டும். உங்களுக்கென்று சொத்து வேண்டும் என்றால் விவசாய நிலத்தை விட்டுவிட்டு நைரோபியிலேயே குத்தகை உரிமையுள்ள அடுக்குமாடி வீட்டைப் பாருங்கள். அங்கே நிலக் கட்டுப்பாட்டு வாரியம் குறுக்கே வராது. முத்திரைத் தீர்வை நகரத்தில் 4 சதவீதம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.