ஈரத்தோல், டயர் காத்து, ஏலகிரி சோறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பேரணாம்பட்டு, காலேஜ் மாணவர்): அப்பாவோட தோல் செருப்பு மழையில ஊறிப் போச்சு, சீக்கிரம் காயட்டும்னு எரியிற அடுப்புகிட்ட வெச்சோம், சுருங்கி கட்டையா ஆயிடுச்சு சார். மே மாச வெயில்ல வருஷக்கணக்கா போட்டப்ப ஒண்ணும் ஆகலையே?

பதில்: தம்பி, வெயில்ல அது காஞ்ச தோல், அடுப்புகிட்ட ஈரத்தோல், வித்தியாசம் அங்கதான். தோல்னா கொலாஜன்ங்கிற புரத நார், மூணு இழை ஒண்ணுமேல ஒண்ணு முறுக்கிக்கிட்டு இருக்கும். தண்ணி உள்ள போனா அந்த முறுக்கோட பிடிமானம் தளரும், அதுக்கு மேல சூடு ஒரு அளவைத் தாண்டிச்சுன்னா முறுக்கு மொத்தமா அவுந்து நார் சட்டுனு சுருண்டுக்கும். பச்சைத்தோலுக்கு அந்த அளவு சுமாரா 60-65 டிகிரிதான். ஆவாரம்பட்டை மாதிரி பட்டை சரக்குல பதம் போட்டா 75-85 வரைக்கும் தாங்கும், குரோம்னு ஒரு உப்புல பதம் போட்டு, அது நல்லா ஏறின தோலு கொதிக்கிற தண்ணியிலயே அசையாது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டேனரியில வேலை பாக்குறவங்க யாரையாவது கேளுங்க, பாயில் டெஸ்ட்னு சொல்வாங்க: ஒரு துண்டு வெட்டி பேப்பர்ல வெச்சு பேனாவால சுத்தி வரைஞ்சுட்டு, அதை கொதிக்கிற தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து திரும்ப அந்தக் கோட்டு மேலயே வெச்சுப் பாப்பாங்க, கோட்டுக்கு உள்ள போயிருந்தா குரோம் பத்தலைன்னு அர்த்தம். எவ்ளோ எளிமையான சோதனை பாருங்க, ஒரு பொருளோட தாங்கும் சக்தியை கண்ணாலயே காட்டிடுது!

சுருங்கினது திரும்பாது தம்பி, வெந்த முட்டை பச்சையாகாத மாதிரிதான், ரெண்டுமே புரதம். அடுத்த தடவை உள்ள நியூஸ்பேப்பர் திணிச்சு ஃபேன் காத்துல நிழல்ல காய வைங்க, முழுசா காயறதுக்கு முன்னாடி கொஞ்சம் எண்ணெய் தடவுங்க, நார் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது.

கேள்வி (காட்பாடி, கார் ஓட்டுநர்): அக்னி நட்சத்திரத்துல டயர் வெடிச்சிடும், காத்தை குறைச்சு வைன்னு எல்லாரும் சொல்றாங்க, சரியா?

பதில்: தயவுசெஞ்சு குறைக்காதீங்கண்ணே. காலைல 30 டிகிரியில 32 பிஎஸ்ஐ அடிச்ச டயர், மத்தியானம் சென்னை ரோட்ல ஓடி உள்காத்து 60 டிகிரி ஆச்சுன்னா 36, 37 காட்டும், அவ்ளோதான், கம்பெனிக்காரங்க அதையும் சேர்த்துதான் அளவு சொல்றாங்க. காத்து கம்மியா இருக்கிற டயர்தான் ஒவ்வொரு சுத்துக்கும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி ரப்பர் தானா சூடேறி கிழியுது, நீங்க பயப்படுற வெடி அங்கதான் இருக்கு. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறி இருக்கும்போது, கார் கதவுகிட்ட ஒட்டியிருக்கிற அளவுக்கு பாத்து அடிங்க.

கேள்வி (ஏலகிரி, இல்லத்தரசி): ஜோலார்பேட்டையில அம்மா வீட்ல சீக்கிரம் வேகுற அதே அரிசி இங்க லேட்டாகுது, தீயை ஏத்தியும் பிரயோஜனம் இல்லையே?

பதில்: மலை மேல காத்தழுத்தம் கம்மிம்மா, உங்க உயரத்துல தண்ணி 96, 97 டிகிரியிலயே கொதிச்சுடும். கொதி வந்துட்டா தீயை எவ்ளோ ஏத்தினாலும் அந்த சூடு பூரா தண்ணியை ஆவியாக்கத்தான் போகும், டிகிரி ஏறாது, கேஸ்தான் வீண். குக்கர்ல வைங்க, மூடின அழுத்தத்துல 115 டிகிரிக்கு மேலயே போகும்.