இரத்தக் குழாய்களும் மூலிகைச் சேர்மங்களும்: கேள்வி பதில்

கேள்வி: மூலிகைச் சாறுகள் இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பைக் கரைத்துச் சுத்தம் செய்யும் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: உண்மையில்லை. கொழுப்பு, தண்ணீர்க் குழாயில் ஒட்டும் அழுக்கைப் போல உள்ளே படிவதில்லை. குழாயின் சுவருக்குள்ளேயே, உள்படலத்துக்கு அடியில் சேர்கிறது. அதைக் கழுவி வெளியேற்றும் சாறு எதுவும் கிடையாது. ஒரே செல் தடிப்புள்ள அந்த உள்படலம் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்கிக் குழாயைத் தளர்த்துகிறது; இது தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காக மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தாவரச் சேர்மங்களிடம் நாம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பயன் பெரும்பாலும் இந்தத் தளர்வைச் சார்ந்ததே.

கேள்வி: பீட்ரூட் சாறு இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?

பதில்: ஓரளவு குறைக்கும். அதிலுள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடை ஆக்கிக்கொள்கிறது. கிருமிநாசினித் திரவத்தால் வாய் கொப்பளிப்பவர்களுக்கு இந்தப் பயன் குறையும்.

கேள்வி: பூண்டை எப்படிச் சமைப்பது?

பதில்: நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு சமையுங்கள். பூண்டின் முக்கியச் சேர்மமான அல்லிசின் முழுப் பல்லில் இல்லை. நசுக்கிய பின்னரே ஒரு நொதி அதை உண்டாக்குகிறது, சூடு அந்த நொதியை அழித்துவிடும்.

கேள்வி: என் தாயார் இருமலுக்காக மூன்று மாதமாக அதிமதுரக் கஷாயம் குடிக்கிறார். மாத்திரை எடுத்தும் இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூலிகை காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம் அம்மா, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உடலில் சிதைந்தபின் அந்த நொதியைத் தடுத்துவிடுவதால், கார்ட்டிசோல் அல்டோஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனைப் போலச் செயல்பட்டு உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. அழுத்தம் ஏறுவது ஒருபுறம் இருக்க, பொட்டாசியக் குறைவு இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும் என்பதுதான் என் பெரிய கவலை. கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். மருத்துவரிடம் அதைக் குடித்த விவரத்தைச் சொல்லி, பொட்டாசிய அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நிறுத்திய பின்னரும் விளைவு சில வாரங்கள் நீடிக்கலாம் என்பதால், தொடர்ந்து அழுத்தத்தை அளந்து குறித்துவாருங்கள்.

கேள்வி: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர் பூண்டு மாத்திரையோ ஜிங்கோ மூலிகையோ சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே எடுத்துவருபவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லி, இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.