சல்யூட் இல்லையென்றால் பொலிஸ்!

கேள்வி: வெளிநாடுகளில் மோட்டார் சங்கங்கள் சாரதிகளுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுமாமே? பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் இரவில் கட்டாக்காலி மாடுகளுக்கு நடுவே ஓடும் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?
- விசுவமடு வாசகர்

பதில்: உண்மைதான் தம்பி. இங்கிலாந்தின் ஏஏ என்ற மோட்டார் சங்கம் 1905இல் தொடங்கியதே, வேகமாக ஓடுவோரைப் பொலிஸ் ஒளிந்திருந்து பிடிக்கும் இடங்களைச் சாரதிகளுக்கு முன்கூட்டியே சொல்லத்தான். 1910இல் நீதிமன்றம் அதைக் குற்றம் என்றதும், வீதியில் நிற்கும் சங்கத்து ஆள் அங்கத்தவரின் காருக்கு வழக்கமாக அடிக்கும் சல்யூட்டை அடிக்காவிட்டால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தமாக்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்! ஜெர்மனியின் ஏடிஏசி மோட்டார் சங்கத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் அங்கத்தவர்கள், அமைச்சர்கள் காது கொடுக்காமல் முடியுமா? இலங்கைச் சங்கமும் 1904இலேயே வந்ததுதான், நம்மவர்கள் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மட்டும் அதைத் தேடுகிறார்கள். சரி, மாட்டுக்குக் கொழும்பு வரை போகவேண்டாம், பிடித்துக் கட்டும் அதிகாரம் பிரதேச சபைக்கே உண்டு; ஓட்டோ, பஸ் சங்கங்கள் சேர்ந்து இடம், நேரம் குறித்து எழுத்தில் கொடுங்கள்.