16 பேர் ஆடும் டெக்கன் (இருவர் மோதும் சண்டை வீடியோ கேம்) போட்டியில், லீக் சுற்றை வைத்து நாக் அவுட் அட்டவணை போடுவது எப்படி?

யார் எவ்வளவு பலம் என்று தெரியாமல் 16 பேரைச் சீட்டுக் குலுக்கி நாக் அவுட்டில் இறக்கினால், மிகச் சிறந்த இருவர் முதல் ஆட்டத்திலேயே மோதிவிடலாம். லீக் சுற்று வைப்பது இதைத் தவிர்க்கத்தான். எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் 120 ஆட்டங்கள், ஒரே நாளில் முடியாது. நான்கு பேராக நான்கு குழு என்றால் குழுவுக்கு 6, மொத்தம் 24 தான்.

நன்றாக ஆடுபவர்கள் என்று தெரிந்த நால்வரை முதலில் ஆளுக்கொரு குழுவில் போட்டுவிடுங்கள். குழுவுக்கு இருவர் தேறுவார்கள். குழுக்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்தால், அ1 என்பது அ குழுவில் முதலிடம், ஆ2 என்பது ஆ குழுவில் இரண்டாமிடம். அட்டவணையின் மேல் பாதியில் அ1–ஆ2, இ1–ஈ2. கீழ் பாதியில் ஆ1–அ2, ஈ1–இ2. இப்படிப் போட்டால் ஒரே குழுவில் ஆடிய இருவர் ஃபைனலுக்கு முன் மறுபடி சந்திக்கவே மாட்டார்கள்.

சண்டை வருவது சமநிலையில்தான். மூன்று பேர் கடைசி ஆளை வென்று, தங்களுக்குள் ஒருவரை ஒருவர் சுற்றி வென்றால் மூவருக்கும் தலா 2 வெற்றி! நேரடி மோதலை வைத்து அவர்களைப் பிரிக்க முடியாது. ஓர் ஆட்டத்துக்குள் பல கேம்கள், ஒரு கேமுக்குள் பல ரவுண்டுகள் இருக்கும். அப்போது வென்ற கேம்களிலிருந்து தோற்ற கேம்களைக் கழித்துப் பாருங்கள்; அதுவும் சமமென்றால் ரவுண்டுகளை அதே மாதிரி. இந்த வரிசையைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், நடுவில் முடிவு செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம், ஒவ்வொரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துங்கள். 1982 கால்பந்து உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா இருந்த குழுவில், அவர்கள் மோதுவதற்கு முந்தைய நாளே அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி 1–0 என வென்றால் தாங்கள் இருவரும் தேறலாம் என்று ஆஸ்திரியாவுக்கும் தெரியும்; அதே கணக்கில்தான் ஆட்டம் முடிந்தது, அல்ஜீரியா வெளியேறியது.