படகின் ஸ்டீரிங் கல்லாக இறுகினால் முதலில் கிரீஸ் அடிக்காதீர்கள்

சிங்கப்பூரின் பொங்கோலில் படகு வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "என் படகுக்கு இருபது வயது. மெர்குரூசர் அவுட்டிரைவ். இரண்டு மாதமாக ஓட்டவில்லை. இப்போது ஸ்டீரிங் சக்கரத்தை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. கிரீஸ் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அடிக்கலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். இறுக்கம் சக்கரத்திலிருந்து பின்னால் போகும் ஸ்டீரிங் கேபிளிலா, படகின் பின்புறம் வெளியே தொங்கும் புரொப்பெல்லர் பாகமான அவுட்டிரைவிலா என்று தெரியாமல் கிரீஸ் துப்பாக்கியைத் தொட வேண்டாம்.

படகைக் கரையேற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சின் அறைக்குள் கேபிளின் முனையைக் கழற்றுங்கள். சக்கரத்தைத் திருப்புங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கேபிளோ, சக்கரத்துக்குப் பின்னாலுள்ள பெட்டியோ காரணம். பெரும்பாலும் கேபிள்தான். முனையிலிருந்து வெளியே வரும் உலோகத் தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பேறிய கிரீஸ் காய்ந்த புளி போல ஒட்டியிருக்கும், அதன் அடியில் துருக்குழிகள் தெரியலாம். குழி விழுந்துவிட்டால் எந்த எண்ணெயும் பலன் தராது. புதுக் கேபிள் வாங்கிவிடுங்கள். பழையதன் உறையில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டால் சரியான நீளம் கிடைக்கும்.

தண்டு நன்றாக இருந்தால் கிரீஸ் அடிக்கலாம். ஆனால் தண்டு முழுவதும் உள்ளே போன பிறகுதான். வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால் கிரீஸ் உள்ளே அடைத்துக்கொண்டு ஸ்டீரிங்கையே பூட்டிவிடும். உங்கள் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேபிளைக் கழற்றியதும் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பவர் ஸ்டீரிங் சிலிண்டரையும் கழற்றிவிட்டு, அவுட்டிரைவைக் கையால் இடவலமாகத் தள்ளுங்கள். ஓரிடத்தில் பிடித்தால், அது திரும்பும் செங்குத்துத் தண்டிலும் அதன் புஷ்ஷிலும் உப்பு நீர் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. இதைப் பட்டறையில் அவுட்டிரைவைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். அதைக் கழற்றியிருக்கும் நேரத்தில் கிம்பல் பேரிங்கையும் (எஞ்சினிலிருந்து வரும் சுழல்தண்டைத் தாங்குவது) ரப்பர் பெல்லோஸையும் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) பார்க்கச் சொல்லுங்கள். பெல்லோஸ் கிழிந்தால் கடல் நீர் படகுக்குள்ளேயே வரும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டுமே லேசாக இருந்து, எல்லாவற்றையும் மாட்டி எஞ்சின் ஓடும்போதும் கனத்தால் பவர் ஸ்டீரிங் பம்பின் பெல்ட்டையும் எண்ணெய் அளவையும் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது பவர் ஸ்டீரிங் கனப்பது இயல்புதான்.

நம் ஊர்க் கடல் ஆண்டு முழுக்கச் சூடு. நகராமல் கிடக்கும் படகில் கொட்டலசும் (அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) துருவும் சீக்கிரம் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சினை ஓட்டி, சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புங்கள். இப்போது இருக்கிற நிலையில் பக்கத்திலுள்ள உபின் தீவுக்குக்கூடப் போக வேண்டாம். கப்பல் எதிரே வரும்போது சக்கரத்தோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது.